ரீஸ்டார்ட் செய்வதற்கு முன்: வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றியே இருக்கின்றன: சர்வரில் ஆள் பார்க்காமல் பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கும் நெட்வொர்க் ப்ரோக்ராம்கள், அதாவது டீமன்கள், காரணமே தெரியாமல் நின்றுபோவது. அஞ்சல் சர்வர்களையும் எஸ்எம்எஸ் கேட்வேக்களையும் பராமரிப்பதில்தான் என் வேலைக்காலத்தின் பெரும்பகுதி போனது. அதனால் இந்த இதழின் பக்கங்களை முழுவதும் இதற்கே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் கட்டண அறிவிப்புகளை வாங்கிச் சேமிக்கும் டீமன் ஒன்று சி++-இல் எழுதப்பட்டிருக்கிறது. சில நாட்களுக்கு ஒருமுறை அப்படியே உறைந்துவிடுகிறது. சிபியு பயன்பாடு பூஜ்யம், பதிவுக் கோப்பில் பிழைச் செய்தியும் இல்லை. ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடும். தினமும் இரவு தானாக ரீஸ்டார்ட் ஆகும்படி க்ரான் (குறித்த நேரத்தில் கட்டளையை ஓட்டும் வசதி) போட்டுவிடலாம் என்கிறார் மேனேஜர். சரிதானா மேடம்? — கோவை வாசகர்

சரியில்லை. உறைந்து நிற்கும் அந்த ப்ராசஸ்தான் (இயக்கத்தில் இருக்கும் ப்ரோக்ராம்தான்) உங்கள் கையில் இருக்கும் ஒரே சாட்சி. ரீஸ்டார்ட் செய்த நொடியில் அது அழிந்துபோகிறது. அடுத்த முறை நின்றாலும் இதே இருட்டில்தான் இருப்பீர்கள்.

ஆனால் வாடிக்கையாளரைக் காக்கவைத்துக்கொண்டு ஆராய்ச்சி செய்ய முடியாது என்பதும் உண்மை. அதற்கு வழி இருக்கிறது. ரீஸ்டார்ட் செய்யும் முன் ‘ஜிகோர்’ கட்டளையை அந்த ப்ராசஸ் எண்ணோடு ஓட்டுங்கள். ப்ராசஸின் மெமரி முழுவதும் ஒரு கோப்பாக வட்டில் இறங்கிவிடும். பிறகு தைரியமாக ரீஸ்டார்ட் செய்யலாம். ஆராய்ச்சியைக் காலையில் நிதானமாக வைத்துக்கொள்ளலாம். உபுண்டு போன்ற வினியோகங்களில் ரூட் உரிமை இல்லாமல் இது ஓடாது என்பதால் இரவு ஷிஃப்டில் இருப்பவருக்கு அந்த அனுமதியை முன்கூட்டியே வாங்கிக்கொடுங்கள். அந்தக் கோப்புக்குள் வாடிக்கையாளர் விவரங்களும் கடவுச்சொற்களும் அப்படியே கிடக்கும். அதை மின்னஞ்சலில் அனுப்புவது, பொதுவான ஃபோல்டரில் போடுவது கூடவே கூடாது.

காலையில் ஜிடிபி என்ற பிழைதேடும் கருவியில் அந்தக் கோப்பைத் திறந்து ‘த்ரெட் அப்ளை ஆல் பிடி’ என்று கொடுத்தால் ஒவ்வொரு த்ரெட்டும் (ப்ராசஸுக்குள் தனித்தனியாக ஓடும் வேலை இழை) எந்த வரியில் நிற்கிறது என்று வரிசையாக வரும். புதிதாகப் பார்ப்பவர்கள் இங்கேதான் குழம்புகிறார்கள். எல்லா த்ரெட்டும் எதற்காகவோ காத்துக்கொண்டிருப்பதுபோல் தெரியும். கண்டிஷன் வேரியபிளில் (வேலை வந்தால் த்ரெட்டை எழுப்பும் ஏற்பாடு), ‘காண்ட் வெயிட்’ என்ற பெயருள்ள ஃபங்ஷனில் காத்திருப்பவை வேலை வராமல் சும்மா இருப்பவை, அவற்றைத் தள்ளிவிடுங்கள். ‘லாக் வெயிட்’ என்ற பெயரில் முடியும் ஃபங்ஷனில் நிற்பவைதான் பூட்டுக்காக (பகிர்ந்த தகவலை ஒரு நேரத்தில் ஒரு த்ரெட் மட்டும் தொடும்படி காக்கும் மியூடெக்ஸுக்காக) காத்திருப்பவை. அவற்றில் ஒன்றை எடுத்து, அது கேட்கும் மியூடெக்ஸை ஜிடிபியில் பிரின்ட் செய்யுங்கள். லினக்ஸில் அதற்குள் ‘ஓனர்’ என்று ஒரு எண் இருக்கும். பூட்டை இப்போது வைத்திருக்கும் த்ரெட்டின் எண் அது. அந்த த்ரெட்டுக்குப் போய், அது எங்கே நிற்கிறது என்று பாருங்கள்.

இரண்டில் ஒன்று தெரியவரும். அந்த த்ரெட் இன்னொரு பூட்டுக்காகக் காத்திருந்து, அந்தப் பூட்டு முதலாவது த்ரெட்டிடமே இருந்தால் அது டெட்லாக். ஒரு இடத்தில் இணைப்புப் பட்டியலைப் பூட்டிவிட்டுக் கணக்குப் பட்டியலைப் பூட்டுகிறீர்கள். இன்னொரு இடத்தில் வரிசை மாறியிருக்கிறது. பூட்டும் வரிசை ஒன்றே ஒன்றுதான் என்று முடிவுசெய்து, ஹெடர் கோப்பிலேயே எழுதி வையுங்கள். இரண்டு பூட்டுகளையும் ஒரே இடத்தில் எடுக்க முடியும் என்றால் சி++17-இன் ‘ஸ்கோப்ட் லாக்’ போதும். டெட்லாக் வராமல் அதுவே பார்த்துக்கொள்ளும். பூட்டை வைத்துக்கொண்டே கால்பேக் ஃபங்ஷனை அழைக்கும் பழக்கம் இருந்தால் அதையும் நிறுத்துங்கள். அந்தக் கால்பேக் உள்ளே எதைப் பூட்டும் என்று உங்களால் சொல்ல முடியாது.

நான் அதிகம் பார்த்தது இரண்டாவது வகை. பூட்டை வைத்திருக்கும் த்ரெட் டிஎன்எஸ் (பெயரை ஐபி முகவரியாக மாற்றும் சேவை) பதிலுக்காக உட்கார்ந்திருக்கும். யாரோ ஒருவர் இணைப்புப் பட்டியலைப் பூட்டிவிட்டு, உள்ளே ஓர் ஓரத்தில் பெயருக்கு முகவரி தேடும் ‘கெட்அட்ரின்ஃபோ’வை அழைத்திருப்பார். லினக்ஸில் இயல்பான அமைப்பில் ஒரு நேம்சர்வருக்கு 5 விநாடி காத்திருப்பு, 2 முயற்சிகள். இரண்டு நேம்சர்வர்கள் எழுதியிருந்து இரண்டும் பேசவில்லை என்றால் 20 விநாடி. தேடல் டொமைன்களும் இருந்தால் இன்னும் கூடும். அத்தனை நேரமும் மற்ற எல்லா த்ரெட்டும் அந்த ஒரு பூட்டின் வாசலில் நிற்கும். ஒன்று முடிந்ததும் அடுத்த த்ரெட் உள்ளே போய் இன்னொரு 20 விநாடி. பார்ப்பவர்களுக்கு அது ‘ஹேங்’. பூட்டுக்குள் இருக்கும்போது பட்டியலிலிருந்து தேவையானதை நகல் எடுங்கள், பூட்டை விடுங்கள், பிறகு நெட்வொர்க்கைத் தொடுங்கள். பூட்டைப் பிடித்தபடி நெட்வொர்க்கையோ வட்டையோ தொடும் எந்த வரியையும் கோட் ரிவ்யூவில் நான் அனுமதித்ததில்லை.

மேனேஜருக்கு க்ரானுக்குப் பதிலாக ஒன்று காட்டுங்கள். லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டியில் ‘வாட்ச்டாக்செக்’ என்று ஒரு அமைப்பு உண்டு. டீமன் குறித்த இடைவெளியில் ‘உயிரோடு இருக்கிறேன்’ என்று செய்தி அனுப்ப வேண்டும். அனுப்பவில்லை என்றால் சிஸ்டம்டி அதை அபார்ட் சிக்னல் கொடுத்து நிறுத்தும். ப்ராசஸின் மெமரி நகலான கோர் கோப்பு பதிவாகும்படியும், தானாக ரீஸ்டார்ட் ஆகும்படியும் அமைத்திருந்தால் சாட்சியும் மிஞ்சும், சேவையும் எழுந்துவிடும். அந்தச் செய்தியைத் தனி த்ரெட் ஒன்றில் டைமர் வைத்து அனுப்பாதீர்கள். மற்ற எல்லா த்ரெட்டும் உறைந்து கிடக்கும்போது அது மட்டும் ‘நலம், நலம்’ என்று சொல்லிக்கொண்டிருக்கும். உண்மையான வேலை நடக்கும் பாதை வழியாகப் போய்வந்த பிறகே செய்தி கிளம்ப வேண்டும்.

கேள்வி: பைத்தானில் ஒரு சேவை எழுதியிருக்கிறேன். சில த்ரெட்கள் நெட்வொர்க்கைக் கவனிக்கும். வேலை வந்தால் பைத்தானின் மல்டிப்ராசசிங் தொகுப்பு மூலம் சைல்ட் ப்ராசஸ் (இன்னொரு ப்ராசஸ் உருவாக்கும் புது ப்ராசஸ்) ஒன்று உருவாகும். எப்போதாவது அந்த சைல்ட் எதுவும் செய்யாமல் நின்றுவிடுகிறது. என் மேக் லேப்டாப்பில் ஒருமுறைகூட இது நடக்கவில்லை, லினக்ஸ் சர்வரில் மட்டும்தான். என் கோடில் பிழை எங்கே என்று தெரியவில்லை. — யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவி

தங்கச்சி, மேக்கில் வருவதில்லை என்று நீங்கள் கவனித்து எழுதியதே பாதி விடை.

லினக்ஸில் சைல்டை உருவாக்கும் ஃபோர்க் என்ற அழைப்பு ஒரு ப்ராசஸை அப்படியே நகல் எடுக்கிறது. மெமரி முழுவதும் நகலாகும். ஆனால் த்ரெட்களில் ஃபோர்க்கை அழைத்த ஒரே ஒரு த்ரெட் மட்டும்தான் நகலில் இருக்கும், மற்றவை இருக்காது. ஒரு வீட்டை அலமாரிகளோடு அச்சு அசலாக இன்னொரு இடத்தில் கட்டி, குடும்பத்தில் ஒருவரை மட்டும் அங்கே குடிவைப்பதுபோல. நகல் எடுத்த நேரத்தில் பூட்டியிருந்த அலமாரி புது வீட்டிலும் பூட்டியே இருக்கும். சாவியை இடுப்பில் செருகியிருந்தவர் அங்கே வரவே இல்லை. அந்த அலமாரியைத் திறக்கப் போகிறவர் வாழ்நாள் முழுவதும் காத்திருக்க வேண்டியதுதான்.

அதனால்தான் யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான போசிக்ஸ் தரம், பல த்ரெட் உள்ள ப்ராசஸில் ஃபோர்க் செய்தால், எக்ஸெக் (ப்ராசஸில் வேறு ப்ரோக்ராமை ஏற்றும் அழைப்பு) அழைக்கும்வரை மிகச் சில அழைப்புகளை மட்டுமே செய்யலாம் என்று வரம்பு போடுகிறது. நடைமுறையில் சில லைப்ரரிகள் பாதுகாப்பு செய்துகொண்டிருக்கின்றன. லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரியான ஜிலிப்சி தன் மெமரி ஒதுக்கீட்டுப் பூட்டுகளை ஃபோர்க்கின்போது பார்த்துக்கொள்கிறது. பைத்தானில் பதிவு எழுதும் லாக்கிங் தொகுப்பும் 3.8 முதலே தன் பூட்டுகளைச் சைல்டில் புதுப்பித்துக்கொள்கிறது. நீங்கள் இறக்கிப் பயன்படுத்தும் டேட்டாபேஸ் ட்ரைவரோ, கணித லைப்ரரியோ, நீங்களே எழுதிய பூட்டோ அப்படிச் செய்யும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

மேக்கில் ஏன் வருவதில்லை? பைத்தான் 3.8 முதல் மேக்கில் மல்டிப்ராசசிங் ஃபோர்க்கை விட்டுவிட்டு ‘ஸ்பான்’ முறைக்கு மாறியது. அதில் நகல் எடுப்பதில்லை, புதிய இன்டர்ப்ரெட்டர் ஒன்று ஆரம்பத்திலிருந்து தொடங்கும். லினக்ஸில் ஃபோர்க்கே தொடர்ந்தது. 3.12-இல் த்ரெட்கள் ஓடும்போது ஃபோர்க் செய்தால் எச்சரிக்கை வரத் தொடங்கியது, 3.14-இல் லினக்ஸிலும் இயல்பு முறையை ‘ஃபோர்க்சர்வர்’ என்று மாற்றிவிட்டார்கள். உங்கள் சர்வரில் பழைய பைத்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். ப்ரோக்ராமின் தொடக்கத்திலேயே ‘செட் ஸ்டார்ட் மெத்தட்’ மூலம் ஸ்பான் என்று சொல்லிவிடுங்கள். சைல்டுக்கு அனுப்பும் பொருள்களெல்லாம் பிக்கிள் ஆகக்கூடியவையாக (பைட்களாக மாற்றி அனுப்பக்கூடியவையாக) இருக்க வேண்டும். கொஞ்சம் மாற்றி எழுத வேண்டிவரும். ‘என் கோடில் பிழை’ என்று மனம் சோர வேண்டாம். உங்கள் கோடின் ஒவ்வொரு வரியும் சரியாகவே இருந்தாலும் இது நடக்கும்.

கேள்வி: ப்ராசஸ்களைக் காட்டும் பிஎஸ் பட்டியலில் ‘டிஃபங்க்ட்’ என்று நூற்றுக்கணக்கில் வருகின்றன. கட்டாயமாக நிறுத்தும் கில் –9 கொடுத்தும் சாகவில்லை. — மதுரை வாசகர்

அவை ஏற்கனவே செத்தவை. செத்த செய்தியை பேரன்ட் ப்ராசஸ் வந்து வாங்கிக்கொள்ளாததால் பட்டியலில் பெயர் மட்டும் நிற்கிறது. பிழை பேரன்டில் இருக்கிறது. பெரும்பாலும் இப்படி எழுதியிருப்பார்கள்: சைல்ட் முடிந்த சிக்னல் வந்தால் ஒருமுறை மட்டும், செத்த செய்தியை வாங்கும் ‘வெயிட்பிட்’டை அழைப்பது. சாதாரண சிக்னல்கள் வரிசையில் நிற்பதில்லை. மூன்று சைல்டுகள் ஒரே நேரத்தில் முடிந்தால் ஒரே ஒரு சிக்னல் வரலாம். ஆகவே காத்திராமல் திரும்பும் ‘நோஹேங்’ தேர்வோடு, இனி யாரும் இல்லை என்று பதில் வரும்வரை வெயிட்பிட்டைச் சுற்றில் அழைக்க வேண்டும். டாக்கர் கன்டெய்னருக்குள் ஓட்டுகிறீர்கள் என்றால், உங்கள் ப்ரோக்ராமே எண் 1 ப்ராசஸாக இருந்து, அநாதையான சைல்டுகளும் அதன் பொறுப்பில் வந்து சேர்ந்திருக்கலாம். கன்டெய்னரைத் தொடங்கும்போது அவற்றின் செத்த செய்தியை வாங்கும் சிறு ப்ராசஸை எண் 1-ஆக வைக்கும் ‘இனிட்’ தேர்வைச் சேர்த்துவிடுங்கள்.

கேள்வி: டீமனை நிறுத்திவிட்டு உடனே தொடங்கினால் ‘அட்ரஸ் ஆல்ரெடி இன் யூஸ்’ என்று வருகிறது. போர்ட்டை உடனே மறுபடி பயன்படுத்தவிடும் ரீயூஸ்அட்ரஸ் தேர்வு போட்டிருக்கிறேன். சில நேரம் ஒரு மணி நேரம் கழித்தும் அதே பிழை. — திருச்சி வாசகர்

ஒரு மணி நேரம் என்று நீங்கள் குறிப்பிட்டது முக்கியம். மூடிய இணைப்பு சிறிது நேரம் தங்கும் ‘டைம்–வெயிட்’ நிலை லினக்ஸில் 60 விநாடிதான். ரீயூஸ்அட்ரஸ் அதைத் தாண்டிவிடும். ஆகவே இது அதுவல்ல, யாரோ அந்தப் போர்ட்டை இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். ரூட்டாக ‘எஸ்எஸ்’ கட்டளையில் ‘கேட்கும்’ சாக்கெட்களை (புது இணைப்புக்காகக் காத்திருப்பவற்றை) ப்ராசஸ் பெயரோடு பட்டியலிடுங்கள். உங்கள் டீமன் பெயருக்குப் பதிலாக ஒரு ஷெல் ஸ்கிரிப்டோ, பேக்கப் கட்டளையோ வந்து நிற்கும் என்றே நினைக்கிறேன்.

டீமன் ஏதாவது ஒரு வேலைக்கு வெளி ஸ்கிரிப்ட் ஒன்றை ஓட்டுகிறது. அந்த சைல்ட், பேரன்ட் திறந்து வைத்திருந்த எல்லா ஃபைல் டிஸ்க்ரிப்டர்களையும் (திறந்த கோப்பு, சாக்கெட்களுக்கான எண்கள்) கையோடு எடுத்துக்கொண்டு போகிறது, கேட்கும் சாக்கெட் உட்பட. டீமனை நிறுத்தினாலும் ஸ்கிரிப்ட் ஓடிக்கொண்டிருக்கும்வரை போர்ட் விடுபடாது.

சாக்கெட்டைத் திறந்த பிறகு ‘எஃப்சிஎன்டிஎல்’ மூலம் எக்ஸெக்கின்போது தானாக மூடவைக்கும் க்ளோஸ்–ஆன்–எக்ஸெக் கொடியைப் போடுவது பழைய முறை. ஒரே த்ரெட் என்றால் போதும். பல த்ரெட் இருந்தால், திறப்பதற்கும் கொடி போடுவதற்கும் நடுவில் இன்னொரு த்ரெட் ஃபோர்க் செய்துவிட வாய்ப்பிருக்கிறது. அதற்காகத்தான் லினக்ஸ் 2.6.23-இல் கோப்பு திறக்கும்போதே அந்தக் கொடியைச் சேர்க்கும் வசதியும், 2.6.27-இல் சாக்கெட்டுக்கு அதே வசதியும் வந்தன. புது இணைப்பை ஏற்கும்போது ‘அக்செப்ட்’டுக்குப் பதில் ‘அக்செப்ட்4’ பயன்படுத்துங்கள். கேட்கும் சாக்கெட்டில் மட்டும் கொடி போட்டுவிட்டு, ஏற்ற இணைப்புகளை விட்டுவிடுகிறார்கள். அதில் இன்னொரு தொல்லை: நீங்கள் மூடிய இணைப்பை சைல்ட் இன்னும் திறந்தே வைத்திருப்பதால், இணைப்பு முடிந்த செய்தி மறுமுனைக்குப் போகவே போகாது.

கேள்வி: எங்கள் ப்ராக்ஸி சர்வரில் ஒரு வாடிக்கையாளருக்குப் போக வேண்டிய பதில் இன்னொருவருக்குப் போயிருக்கிறது. இரண்டு புகார்கள் வந்துள்ளன. டெஸ்டில் எவ்வளவு முயன்றும் வரவில்லை. மெமரிப் பிழைகளைக் காட்டும் வால்கிரைண்டில் ஓட்டினால் மெமரி சுத்தமாக இருக்கிறது. எங்கே தேடுவது? — சிங்கப்பூர் வாசகர்

முதலில் ஒன்று. இதை டெவலப்மென்ட் குழுவுக்குள்ளேயே வைத்துக்கொள்ளாதீர்கள். ஒருவரின் தகவல் இன்னொருவர் கைக்குப் போயிருக்கிறது. மேலிடத்துக்கும் பாதுகாப்புக் குழுவுக்கும் இன்றே எழுத்தில் சொல்லுங்கள். டெஸ்டில் வரவைத்த பிறகு சொல்லலாம் என்று காத்திருக்க இது அந்த வகைப் பிழை இல்லை.

இப்போது தேடுவதைப் பற்றி. மெமரியை விட்டுவிட்டு, எத்தனை இடத்தில் இணைப்பை மூடும் ‘க்ளோஸ்’ அழைக்கிறீர்கள் என்று எண்ணுங்கள்.

ஃபைல் டிஸ்க்ரிப்டர் என்பது வெறும் எண். காலியாக இருப்பவற்றில் மிகச் சிறிய எண்ணை கெர்னல் அடுத்தவருக்குக் கொடுத்துவிடும். 57-ஆம் எண்ணில் ஒரு வாடிக்கையாளர் இருக்கிறார். படிக்கும் த்ரெட் பிழையைப் பார்த்து 57-ஐ மூடுகிறது. அடுத்த கணம் புது இணைப்பு வருகிறது, அதற்கு 57 கிடைக்கிறது. அதே சமயம் டைம்அவுட்டைக் கவனிக்கும் த்ரெட், பழைய இணைப்புதான் என்று நினைத்து மறுபடி 57-ஐ மூடுகிறது. இப்போது மூடப்பட்டது வேறு ஒருவரின் இணைப்பு. மூன்றாவது ஆள் வருகிறார், அவருக்கும் 57. இரண்டாமவரைக் கவனித்துக்கொண்டிருந்த த்ரெட்டுக்கு இது எதுவும் தெரியாது. அது தன் பதிலை 57-இல் எழுதுகிறது. பதில் மூன்றாமவர் திரையில் போய் நிற்கிறது.

மெமரியில் ஒரு பைட்டும் கெடவில்லை. அதனால்தான் வால்கிரைண்டில் சுத்தமாக வருகிறது. டெஸ்டில் வராததற்குக் காரணம், அங்கே இரண்டு க்ளோஸ்களுக்கு நடுவில் புது இணைப்பு வந்து நுழையும் அளவுக்குக் கூட்டம் இல்லை.

இதே பிழையை ஒரு எஸ்எம்எஸ் கேட்வேயில் நான் பார்த்திருக்கிறேன். ஒரு நிறுவனத்தின் டெலிவரி ரசீது இன்னொரு நிறுவனத்தின் இணைப்பில் போயிருந்தது. படிக்கும் பகுதியும் டைம்அவுட் பகுதியும் வெவ்வேறு ஆண்டுகளில் வெவ்வேறு ஆட்கள் எழுதியவை. தனித்தனியாகப் படித்தால் இரண்டும் குறையே சொல்ல முடியாத கோட். ‘இணைப்பு கெட்டால் மூடிவிடு’ என்ற நல்லெண்ணம் இரண்டிலும் இருந்தது. அதை மூடும் உரிமை யாருக்கு என்பது மட்டும் எங்கேயும் எழுதப்படவில்லை.

கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். நடுவில் யாரும் அந்த எண்ணை வாங்கவில்லை என்றால் இரண்டாவது க்ளோஸ் ‘இபேட்எஃப்’ (அந்த எண் திறந்த நிலையில் இல்லை) என்ற பிழையைத் திருப்பித் தரும். நம்மில் அநேகம் பேர் க்ளோஸின் பதிலைப் பார்ப்பதே இல்லை. டெஸ்ட் பில்டில் க்ளோஸைச் சுற்றி ஒரு ஃபங்ஷன் எழுதி, அந்தப் பிழை வந்தால் உடனே அபார்ட் ஆகும்படி செய்யுங்கள். அல்லது கெர்னல் அழைப்புகளைக் காட்டும் எஸ்ட்ரேஸை எல்லா த்ரெட்டையும் பின்தொடரும் தேர்வோடு, க்ளோஸ் அழைப்புகளை மட்டும் காட்டும்படி ஓட்டி, அந்தப் பிழையைத் தேடுங்கள். கலவரம் நடப்பதற்கு முன்பே, கூட்டமில்லாத நேரத்திலேயே, அது அங்கே தலைகாட்டிக்கொண்டிருக்கும்.

க்ளோஸ் அழைப்பு ‘இன்டர்ரப்ட்’ ஆனது என்று பதில் வந்தால் மறுபடி அழைக்கும் சுற்று எங்காவது இருக்கிறதா என்றும் பாருங்கள். ரீட், ரைட் அழைப்புகளுக்கு அது சரி. லினக்ஸில் க்ளோஸுக்கு மட்டும் தவறு. அந்தப் பதில் வந்தாலும் எண் அதற்குள் விடுபட்டிருக்கும். மறுபடி அழைத்தால் மேலே சொன்ன கதைதான்.

சரிசெய்வது இப்படி: ஒவ்வொரு இணைப்புக்கும் சொந்தக்கார த்ரெட் அல்லது சொந்தக்கார ஆப்ஜெக்ட் ஒன்றே ஒன்று. அது மட்டும்தான் க்ளோஸ் அழைக்கும். மற்றவர்களுக்கு இணைப்பை முடிக்க வேண்டும் என்றால் ‘ஷட்டவுன்’ அழைக்கட்டும். அது இணைப்பை நிறுத்தும், எண்ணை விடாது. படித்துக்கொண்டிருக்கும் த்ரெட் விழித்துக்கொண்டு முடிவைப் பார்த்துத் தானே மூடும். ஷட்டவுன் அழைப்பவரிடமும் அந்த எண் செல்லுபடியாக இருக்க வேண்டுமே? அதனால் மற்ற த்ரெட்களுக்கு எண்ணைக் கொடுக்காமல் எத்தனை பேர் வைத்திருக்கிறார்கள் என்று எண்ணும் ஷேர்ட் பாயின்டரில் இணைப்பு ஆப்ஜெக்டையே கொடுங்கள். கடைசிக் கை விட்ட பிறகே டிஸ்ட்ரக்டரில் க்ளோஸ் நடக்கட்டும். பதிவுக் கோப்பிலும் 57 என்று எழுதாதீர்கள். ஒவ்வொரு இணைப்புக்கும் ஏறிக்கொண்டே போகும் தனி எண் ஒன்று கொடுத்து அதை எழுதுங்கள்.

கேள்வி: டெர்மினேட் சிக்னல் வந்தால், அப்போது இடையில் புகுந்து ஓடும் சிக்னல் ஹேண்ட்லரிலேயே பதிவு எழுதி, மெமரியை விடுவித்து வெளியேறுகிறோம். புதிதாக வந்த சீனியர் இது ஆபத்து என்கிறார். பல வருடமாகப் பிரச்சினை இல்லாமல் ஓடுகிறதே? — சென்னை வாசகர்

உங்கள் சீனியர் சொல்வதைக் கேளுங்கள். 2024 ஜூலை 1 அன்று வெளியான செய்தியையும் குழுவில் உட்கார்ந்து படியுங்கள். தொலைவிலிருந்து உள்நுழைய உதவும் ஓப்பன்எஸ்எஸ்எச் சர்வரில் குவாலிஸ் என்ற பாதுகாப்பு நிறுவனத்தார் கண்டுபிடித்து ‘ரெக்ரெஷ்ஷன்’ என்று பெயரிட்ட ஓட்டை அது.

எஸ்எஸ்எச் சர்வரில் இணைந்தவர் இயல்பாக 120 விநாடிக்குள் உள்நுழையாவிட்டால் அலாரம் சிக்னல் வரும். அந்த ஹேண்ட்லர் ‘சிஸ்லாக்’ மூலம் ஒரு பதிவு எழுதும். அவ்வளவுதான், நீங்கள் செய்வதேதான். ஆனால் ஜிலிப்சியில் சிஸ்லாக் உள்ளே மெமரி ஒதுக்கும். முதன்மைக் கோட் மெமரி ஒதுக்கீட்டின் பாதி வழியில் இருக்கும்போது சிக்னல் வந்துவிட்டால், அரைகுறை நிலையில் இருக்கும் அதே கணக்குப் புத்தகத்தை ஹேண்ட்லரும் திருத்தத் தொடங்கும். அந்த நொடியைக் குறிபார்த்து அடித்து, உள்நுழையாமலே ரூட் உரிமை பெற முடியும் என்று காட்டினார்கள். 32-பிட் லினக்ஸில் சராசரியாகச் சுமார் 10,000 முயற்சிகள் பிடித்தன. நெட்வொர்க்கில் அது ஒரு பகல் வேலைகூட இல்லை.

என்னை மிகவும் பாதித்தது வேறு. இதே ஓட்டை 2006-இல் ஒருமுறை அடைக்கப்பட்டது. 2020 அக்டோபரில் பதிவு எழுதும் பகுதியைச் சீரமைத்தபோது, ஹேண்ட்லரில் பதிவு எழுதாமல் தடுத்த ஒரு நிபந்தனை வரி விடுபட்டுப்போனது. 2021-இல் வந்த 8.5பி1 முதல் பல பதிப்புகளில், உலகின் மிகக் கவனமான குழுக்களில் ஒன்றின் கண்ணிலும் படாமல் இருந்தது. 9.8பி1-இல் சரிசெய்தார்கள். ஓப்பன்பிஎஸ்டி இயங்குதளம் தப்பித்தது; சிக்னலுக்குள் அழைக்கப் பாதுகாப்பான சிஸ்லாக் வடிவத்தை அவர்கள் 2001-லேயே எழுதி வைத்திருந்தார்கள். பல வருடமாக ஓடுகிறது என்பது, அந்த நொடியை இதுவரை யாரும் குறிபார்க்கவில்லை என்பதை மட்டுமே காட்டுகிறது.

ஹேண்ட்லரில் ஒரே ஒரு வேலை: ஒரு பைப்பில் ஒரு பைட் எழுதுவது. முதன்மைச் சுற்று அந்தப் பைப்பையும் மற்ற சாக்கெட்களோடு கவனித்து, பைட் வந்ததும் சாவகாசமாகப் பதிவு எழுதி வெளியேறட்டும். லினக்ஸ் மட்டும் போதும் என்றால் சிக்னலைக் கோப்புபோலப் படிக்கத் தரும் ‘சிக்னல்எஃப்டி’ இன்னும் சுலபம். பல த்ரெட் இருந்தால், தொடக்கத்திலேயே எல்லாவற்றிலும் சிக்னலை மறைத்துவிட்டு, ஒரு த்ரெட் மட்டும் ‘சிக்வெயிட்’டில் காத்திருக்கும்படி வைப்பது எனக்குப் பிடித்த ஏற்பாடு.

கேள்வி: த்ரெட்களுக்கு நடுவே இருந்த ஒரு ரேஸ் பிழை (எது முந்துகிறது என்பதைப் பொறுத்து வருவது), ஒரு விநாடி ஸ்லீப் (தாமதம்) சேர்த்ததும் போய்விட்டது. நிறுத்தச் சொல்லும் கொடியை வோலடைல் என்றும் மாற்றிவிட்டோம். போதுமா? — சேலம் வாசகர்

போதாது. இரண்டுமே பிழையை அரிதாக்கியிருக்கின்றன. அரிதான பிழை அடிக்கடி வரும் பிழையைவிட மோசமானது, ஏனென்றால் அடுத்த முறை அது உங்கள் மேசையில் வராது, வாடிக்கையாளரிடம் வரும். சி, சி++ மொழிகளில் வோலடைல் த்ரெட்களுக்கு நடுவே எந்த ஒழுங்கையும் உறுதிசெய்வதில்லை. அந்தக் கொடியை அடாமிக் என்று அறிவியுங்கள்.

2003 ஆகஸ்ட் 14 அன்று அமெரிக்காவிலும் கனடாவிலும் சுமார் 5 கோடிப் பேருக்கு மின்சாரம் போனது. ஒஹையோவில் ஒரு மின் நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறையில், பிற்பகல் 2:14-க்கு அலாரம் மென்பொருள் சத்தமில்லாமல் நின்றிருந்தது. ஆபரேட்டர்களுக்கு அது தெரியவில்லை. மின்பாதைகள் ஒவ்வொன்றாகத் துண்டிக்கப்பட்டபோதும் திரை அமைதியாகவே இருந்தது. விபத்துக்குப் பல காரணங்கள் உண்டு, மரம் வெட்டாதது உட்பட; அதில் இதுவும் ஒன்று. ஒரே தகவல் அமைப்பில் இரண்டு ப்ராசஸ்கள் ஒரே கணத்தில் எழுதியதால் அலாரம் பகுதி முடிவில்லாத சுற்றில் சிக்கிக்கொண்டிருந்தது. அந்தப் பிழையைத் தேடிய பொறியாளர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? கோடுக்குள் வேண்டுமென்றே தாமதங்களைச் செருகி, அலாரங்களைத் தொடர்ந்து ஊட்டினார்கள். சில வாரங்களில் பிழை வெளியே வந்தது.

உங்கள் ஸ்லீப்பையும் அப்படிப் பயன்படுத்துங்கள். இப்போது போட்ட இடத்திலிருந்து எடுத்து, பூட்டு எடுப்பதற்கு முன்னும் விட்ட பின்னும் சிறிது நேரம், முன்கூட்டித் தெரியாத அளவில் போட்டுப் பாருங்கள். கூடவே த்ரெட்சானிடைசர் வைத்து பில்ட் செய்து டெஸ்ட்களை ஓட்டுங்கள். ஜிசிசி, க்ளாங் கம்பைலர்கள் இரண்டிலும் இருக்கிறது. ப்ரோக்ராம் 5 முதல் 15 மடங்கு மெதுவாகும், மெமரியும் பல மடங்கு கேட்கும்; ஆகவே டெஸ்ட் சர்வரில் மட்டும். எந்த இரண்டு வரிகள் பூட்டில்லாமல் மோதுகின்றன என்று அது கைகாட்டும். ஓடாத பாதையில் இருக்கும் பிழையை மட்டும் அதனால் காட்ட முடியாது.

கேள்வி: புதிதாக ஒரு டீமன் எழுதப்போகிறோம். த்ரெட்டா, ப்ராசஸா? — பெங்களூரு வாசகி

போஸ்ட்ஃபிக்ஸ் அஞ்சல் சர்வர் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள். ‘மாஸ்டர்’ என்று ஒரு ப்ராசஸ், அதன் கீழ் ஒரு வேலைக்கு ஒன்றாகச் சிறு சிறு ப்ராசஸ்கள். அவற்றில் பெரும்பாலானவை இயல்பாக 100 இணைப்புகளைக் கவனித்ததும், அல்லது 100 விநாடி சும்மா இருந்ததும் தானே வெளியேறிவிடும். ஒன்று கெட்டாலும் அந்த ஒரு இணைப்போடு போகும். பல ஆண்டுகள் அதைப் பராமரித்திருக்கிறேன். பூட்டுக்காக அது தொங்கி நின்று என்னைத் தூக்கத்திலிருந்து எழுப்பியதில்லை.

இணைப்புகள் ஒன்றுக்கொன்று தகவல் பகிரத் தேவையில்லை என்றால் ப்ராசஸ் முறையையே எடுங்கள். ஆயிரக்கணக்கில் இணைப்புகள் சும்மா காத்திருக்கும் சேவை என்றால் ஒரு த்ரெட்டில் ஈபோல் (பல இணைப்புகளை ஒன்றாகக் கவனிக்கும் லினக்ஸ் வசதி) சுற்று போதும். எல்லோரும் ஒரே பெரிய பட்டியலைத் தொட வேண்டும் என்றால்தான் த்ரெட்கள் தேவைப்படும். அந்த நிலையில் குழுவுக்குக் கற்க நேரமிருந்தால் ரஸ்ட் மொழியை எடுத்துக்கொள்ளுங்கள். பூட்டில்லாமல் பகிர்ந்த தகவலைத் தொடும் சாதாரண கோடை கம்பைலரே ஏற்காது. டெட்லாக்கை அது தடுக்காது, அதற்கு மேலே கோவை வாசகருக்குச் சொன்ன பூட்டு வரிசை வேண்டும். கோ மொழி என்றால் எல்லா டெஸ்ட்களையும் ரேஸ் டிடெக்டரோடு ஓட்டும்படி முதல் நாளே சிஐயில் (கோட் மாறும்போதெல்லாம் டெஸ்ட்களைத் தானாக ஓட்டும் அமைப்பில்) அமைத்துவிடுங்கள். எந்த இணைப்புகள் எதைப் பகிர்கின்றன என்று உங்கள் கடிதத்தில் இல்லை. அதை எழுதினால் அடுத்த இதழில் இன்னும் குறிப்பாகச் சொல்கிறேன்.